ருசி பார்க்காத பாயசம்

கணவன் போன பிறகுதான் அனந்தலக்ஷ்மிக்கு இத்தனை கோபம் வந்தது என்று மட்டாஞ்சேரியில் செர்ளாய்ப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். அவள் பிறந்ததே கோபத்தோடுதான். பாவாடை சட்டை போட்டுக்கொண்டிருந்த வயதிலேயே, மட்டாஞ்சேரி படகுத் துறையில் வரிசையைத் தாண்டிப் படகில் ஏறிய ஒரு தடியனைக் கையைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கியவள். வெல்லிங்டன் தீவில் அவள் வேலை பார்க்கும் சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில், லாரி டிரைவர்கள் அவள் மேஜைக்குக் கிட்டே வரும்போது போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள்.

அந்தக் கோபத்தைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஆள் ஸ்ரீநாத். கல்யாணமான புதிதில், வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் ஒரே நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டிருந்தான். "மட்டாஞ்சேரி மிளகையெல்லாம் கப்பல்ல ஏத்திட்டா. ஒண்ணே ஒண்ணு பாக்கி நின்னுது. அதை என் தலையில கட்டிட்டா." அவள் முறைப்பாள். அவன் இன்னும் சத்தமாகச் சிரிப்பான்.

அவன் பாலக்காட்டுக்காரன். பஜார் ரோட்டில் ஓர் ஏலக்காய்க் கம்பெனிக்குச் சரக்குப் பார்த்து வாங்கிக் கொடுக்கிற வேலை. திங்கட்கிழமை விடிந்தால் வைட்டிலாவுக்குப் போய்க் குமுளி பஸ் பிடிப்பான். சட்டைப் பை, பேண்ட் பை, துவைக்கிற இயந்திரத்தின் அடிப்பகுதி எல்லாவற்றிலும் ஏலக்காய் கிடக்கும். வாரநாட்களில் சமையல் அனந்தலக்ஷ்மியுடையது. ஆபீசுக்கு ஓடுகிற அவசரத்தில் பாத்திரங்களோடு சண்டை போட்டபடி அவள் செய்கிற சமையல், வயிற்றுக்குப் போதும், நாக்குக்குப் போதாது. ஞாயிற்றுக்கிழமை அவள் அடுக்களைக்குள் கால் வைக்கக் கூடாது. அன்று அது ஸ்ரீநாத்துடையதும் குழந்தைகளுடையதும்.

பெண் தன்யாவுக்கு எட்டு வயதாகும்போதே அவள் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டான். சின்னவன் வெங்கிட்டு மேடைமேல் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவுவான். மாவு கூரை வரை தெறிக்கும். அனந்தலக்ஷ்மி வாசற்படியில் பேப்பரோடு உட்கார்ந்து, "யார் துடைக்கப் போறா அதையெல்லாம்?" என்று கத்திக்கொண்டிருப்பாள். உள்ளேயிருந்து மூன்று குரல்கள் ஒன்றாக, "அம்மா!" என்று பதில் சொல்லும்.

ஸ்ரீநாத்திடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. எதையும் ருசி பார்க்காமல் இறக்கக் கூடாது. கரண்டியிலிருந்து ஒரு சொட்டை இடது கைப் புறங்கையில் விட்டுக்கொள்ள வேண்டும். ஊத வேண்டும். நக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு யோசிக்க வேண்டும். "தேன் எடுக்கறவன் பொறங்கையை நக்குவான்னு பழமொழி சொல்லி வெச்சிருக்கா. திருடறதுக்குச் சொன்னது இல்லை அது. நக்கிப் பாக்காதவன் சமையக்காரனே இல்லைங்கறதுக்குச் சொன்னதாக்கும்" என்பான். குழந்தைகள் அதை வேதம்போல நம்பினார்கள்.

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "கேஸ்" என்றான். சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்துத் தரச் சொன்னான். அவள் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். காலையில் வைட்டிலா பஸ் ஸ்டாண்டில், சாயாக் கடையில் கிளாசை வாங்கிய கையோடு விழுந்தான். கிளாஸ் உடையவில்லை என்று கடைக்காரன் பிறகு சொன்னான். அதைச் சொல்ல வேண்டிய அவசியம் அவனுக்கு என்ன என்று அனந்தலக்ஷ்மிக்கு இன்றுவரை கோபம்.

வீட்டுக்கு வந்ததும் சீரக டப்பாவை எடுத்துத் தெருவில் எறிந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டு ரசத்தில் சீரகம் கிடையாது.

ஆனால் அவளுடைய பெரிய கோபம் சீரகத்தின் மேல் இல்லை. ஒரு வாக்கியத்தின் மேல்.

துக்கம் கேட்க வந்தவர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்த ஒரு நாள், ஸ்ரீநாத்தின் அண்ணன் மனைவி லோகாம்பாள் மூக்கைச் சிந்தியபடி சொன்னாள்: "வாராவாரம் கொழந்தேளைச் சேத்துண்டு எண்ணெயில பொரிச்சுப் பொரிச்சுத் தின்னான். ஒடம்பு கேக்குமா?" எல்லோரும் 'ஆமாம்' என்று தலையாட்டினார்கள். காப்பி டம்ளர்களைத் தட்டில் ஏந்திக்கொண்டு தன்யா அங்கேதான் நின்றிருந்தாள்.

அன்றோடு அவள் அடுக்களைக்குள் போவது நின்றது. தண்ணீர் வேண்டுமானாலும் நிலைப்படிக்கு வெளியே நின்று தம்பியை எடுத்துத் தரச் சொல்வாள். தட்டை வெளியே நின்று வாங்கிக்கொள்வாள். அனந்தலக்ஷ்மி கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். கடைசியில் ஒருநாள் பெண் வாயைத் திறந்தாள்.

"அன்னிக்கு அப்பளம் நான்தானேம்மா பொரிச்சேன்."

"அப்பளத்தால இல்லடி! டாக்டரே சொன்னார், ரத்தக் குழாய்ல அடைப்பு, வருஷக்கணக்கா இருந்திருக்குன்னு."

"அப்பா அஞ்சு அப்பளம் சாப்பிட்டா."

 அனந்தலக்ஷ்மி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, பாலக்காட்டுப் பக்கம் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

வருஷ சிராத்தத்துக்குச் சில நாட்களுக்கு முன்னால், காலைச் சமையல் நேரத்தில் தன்யா நிலைப்படியில் வந்து நின்றாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"அம்மா, அப்பாவோட நாளைக்குப் பாயசம் நான் வெக்கட்டுமா?"

அனந்தலக்ஷ்மி கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். திரும்பிப் பார்த்தால் அந்தக் கால் வெளியே போய்விடுமோ என்று பயந்து, புடலங்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வை."

*

ஸ்ரீநாத்தின் அண்ணன் சங்கர்ராமும் லோகாம்பாளும் சிராத்தத்துக்கு முந்தின நாள் ரயிலில் வந்தார்கள். சங்கர்ராம் ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர். வீட்டுக்குள் நுழைந்ததும் காலண்டரில் திதியைச் சரிபார்த்தார். லோகாம்பாள் நேரே அடுக்களைக்குப் போய், வெங்காயக் கூடையைப் பார்த்து, அதை இரண்டு விரலால் தூக்கிப் பின்கட்டில் வைத்தாள்.

"கொழந்தையா பாயசம் வெக்கப் போறது?" என்றாள். "சிராத்தமாக்கும் அனந்தம், வெளையாட்டில்லை."

"அவ நன்னா வெப்பா மன்னி. அவளுக்கு ஆசையா இருக்கு."

"ஆசைக்குப் பண்றதா இது?"

"அவ அப்பாவுக்குப் பண்றதுதானே?"

 லோகாம்பாள் விரலை மடக்கி மடக்கி ஆரம்பித்தாள். குளித்துவிட்டு ஈரத்தோடு வர வேண்டும். தலைமயிரைத் தொடக் கூடாது. பாத்திரத்துக்கு மேலே குனிந்து பேசக் கூடாது. முகர்ந்து பார்க்கக் கூடாது. நடுவில் வெளியே போகக் கூடாது. தன்யா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

ருசி பார்க்கக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. லோகாம்பாளுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. சிராத்தச் சமையலை ஒருவர் வாயில் வைத்துப் பார்ப்பார் என்று அவளால் நினைக்கவே முடியாது. வாரநாட்களில் உப்பைக் கண்ணளவில் அள்ளிப் போடுகிற அனந்தலக்ஷ்மிக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் விடியும் முன் குழாயில் கார்ப்பரேஷன் தண்ணீர் வந்தது. லோகாம்பாள் ஈரப் புடவையோடு நின்று குடங்களில் மடியாகப் பிடித்து வைத்தாள். தண்ணீர் நின்றதும் குழாய் ஒரு முறை கனைத்துவிட்டு ஓய்ந்தது. இனி நாளைக்குத்தான். சேம்பு, பாகற்காய், வாழைக்காய், மிளகு ரசம், வடை என்று லோகாம்பாளின் கை ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கையில் வேகம் உண்டு, சத்தம் கிடையாது. அனந்தலக்ஷ்மியால் அதை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. அதுவும் கோபமாகத்தான் இருந்தது.

ஓரத்து அடுப்பில் வெண்கல உருளி. தன்யா ஈரப் பாவாடை சொட்டச் சொட்ட நின்று, அரிசியை வேகவிட்டு, பாலை ஊற்றி, கரண்டியை அடியிலிருந்து இழுத்து இழுத்துக் கிளறினாள். ஏலக்காயை அவளே உரித்து, அம்மியில் நசுக்கினாள். ஒரு வருஷமாக அந்தக் கை எதையும் மறக்கவில்லை. கூடத்தில் வாத்தியார் அனந்தநாராயணன் சங்கல்பம் சொல்லிக்கொண்டிருந்தார். வெங்கிட்டுவுக்கு இன்னும் பூணூல் போடவில்லை என்பதால் அவன் தர்ப்பையைத் தொட்டுக் கொடுக்க, சங்கர்ராம் அவனுக்காகச் செய்துகொண்டிருந்தார்.

அனந்தலக்ஷ்மி பின்கட்டில் வாழையிலை கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளே கூச்சல் கேட்டது.

"எச்சில்! எச்சில் பண்ணிட்டா!"

ஓடி வந்தாள். தன்யா கரண்டியோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள். இடது புறங்கையில் பாயச ஈரம் இன்னும் மினுங்கியது. நக்கிவிட்டு, அதே கையால் தண்ணீர்க் குடங்களில் மொள்ளுகிற செம்பையும் எடுத்திருக்கிறாள்.

"சக்கரை போறுமான்னு பாத்தேன் பெரியம்மா. பாக்காம எப்படி எறக்கறது?"

"பாயசமும் போச்சு, ஜலமும் போச்சு! அனந்தம், நீ சொல்லிக் குடுக்கலையா இவளுக்கு?"

கூடத்திலிருந்து சங்கர்ராமின் குரல் வந்தது. "என்ன அங்கே?"

"பாயசத்தைக் கொழந்தை எச்சில் பண்ணிடுத்து!"

"கொட்டிடு."

ஒரே சொல். பேங்கில் கையெழுத்துப் போடுவதுபோல. மந்திரம் தொடர்ந்தது.

"அப்பன் அப்படி. எல்லாத்தையும் நக்கி நக்கிப் பழக்கி வெச்சுட்டுப் போயிருக்கான்" என்றாள் லோகாம்பாள்.

 அனந்தலக்ஷ்மி வாயைத் திறப்பதற்குள் தன்யா கேட்டாள்: "அப்போ அப்பாவுக்குக் கெடைக்காதா?"

 பெண் கரண்டியை மேடையில் வைத்தாள். நிலைப்படியைத் தாண்டி வெளியே போனாள். அந்தக் கால் இரண்டும் வெளியே போனதை அனந்தலக்ஷ்மி பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வருஷம் காத்திருந்து கிடைத்தது அரை மணி நேரம்.

துணியால் உருளியின் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். தென்னை மரத்தடியில் நின்றாள். உருளியைச் சாய்க்கக் கை வரவில்லை. பாயசம் பதமாக இருந்தது, வெளிர் ரோஜா நிறத்தில், ஏலக்காய் மணக்க. துவைக்கிற கல்லின்மேல் வைத்து, வாழையிலையால் மூடி, தட்டைப் போட்டு, அதன்மேல் ஒரு செங்கல்லையும் வைத்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து தன்யா பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

"கொட்டியாச்சா?" என்றாள் லோகாம்பாள்.

"உம்."

தெருமுனைக் கடைக்கு ஆள் அனுப்பியதில் பால் பாக்கெட் இரண்டுதான் கிடைத்தது. "போறும், ஜலத்தைக் கூட விட்டுக்கலாம்" என்றாள் லோகாம்பாள். அப்புறம் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். "கெணறு இருக்கே! கெணத்து ஜலத்துக்கு மேலே மடி உண்டோ? கெணத்தை வெச்சுண்டு கொழாய் ஜலம் பிடிச்சதே என் தப்பு. ரெண்டு வாளி எறச்சுத் தா."

மட்டாஞ்சேரியில் பங்குனிக் கிணறு எப்படியிருக்கும் என்று பாலக்காட்டுக்காரிக்குத் தெரியாது. மழைக்காலத்தில் இனிக்கும். வெயில் ஏற ஏறக் கடலோடு சேர்ந்த காயல் மண்ணுக்கடியில் ஊர்ந்து வந்து கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும். அந்த மாதங்களில் அதை வாசல் கழுவத்தான் உபயோகிப்பார்கள். சோப்பு நுரைக்காது. செடிகூட வாடும்.

அனந்தலக்ஷ்மி சொல்ல வாயெடுத்தாள். சொல் நுனிநாக்கு வரை வந்தது. பிறகு நிலைப்படிக்கு வெளியே, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த தன் பெண்ணின் முதுகைப் பார்த்தாள்.

வாயை மூடிக்கொண்டாள். வாளியைக் கிணற்றில் இறக்கினாள். இழுத்த இழுப்பில் ஒரு சொட்டு அவள் உதட்டில் தெறித்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, இரண்டு வாளியையும் நிரப்பிக் கொண்டுவந்து வைத்தாள்.

புதுப் பாயசம் கொதித்தது. பால் இலேசாகத் திரிந்தாற்போல் இருந்தது. "பாக்கெட் பால்னா இப்படித்தான்" என்று லோகாம்பாள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ருசி பார்க்கவில்லை. முகர்ந்தும் பார்க்கவில்லை. சாஸ்திரம் பிசகாமல் இறக்கினாள்.

*

இரண்டு இலை போட்டார்கள். ஒன்றில் வாத்தியார். மற்றதில், அப்பாவின் ஸ்தானத்தில், இடக்கொச்சியில் ட்யூஷன் எடுக்கிற ஓர் ஒல்லியான இளைஞர். சிராத்தத்தில் சாப்பிடுகிறவர்கள் பேசக் கூடாது. நன்றாயிருக்கிறது என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. வேண்டும் வேண்டாம் எல்லாம் கைச் சாடைதான்.

சங்கர்ராம் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். தன்யாவும் வெங்கிட்டுவும் கதவோரத்தில் நின்றார்கள். தன்யா அந்த இளைஞரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அவர்தான் அப்பா என்று பெரியப்பா சொல்லியிருந்தார்.

பாயசம் வந்தது. வாத்தியார் ஒரு வாய் எடுத்தார். அவருடைய புருவம் நெற்றியின் பாதி வரை ஏறிப் போய் அங்கேயே நின்றது. விழுங்கினார். அவர் அனுபவஸ்தர், மீதியை இலையோரம் தள்ளி, அப்பளத்தால் மூடினார். இளைஞருக்கு அந்தச் சூட்சுமம் தெரியவில்லை. வேம்புக் கஷாயத்தைக் குடிக்கிற குழந்தைபோல, ஒரேயடியாக எல்லாவற்றையும் வழித்து வாயில் போட்டு, கண்ணை இறுக மூடி முழுங்கினார்.

சங்கர்ராமின் முகம் மலர்ந்தது. "ஆஹா! இஷ்டமாச் சாப்பிடறார். லோகா, இன்னும் ரெண்டு கரண்டி போடு!"

இளைஞர் இரண்டு கையையும் இலைக்கு மேல் விரித்தார். தலையை ஆட்டினார். வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் சுவரைப் பார்த்தார்.

"கூச்சப்படப்படாது. ஸ்ரீநாத்துக்கும் பாயசம்னா இப்படித்தான்" என்று சங்கர்ராம் தழுதழுத்தார். லோகாம்பாள் விரல் இடுக்கு வழியாகவே ஊற்றினாள். இளைஞரின் கண்ணில் நீர் முட்டியது. அதைப் பார்த்துச் சங்கர்ராமுக்கும் முட்டியது.

கதவோரத்தில் ஒரு சத்தம். அனந்தலக்ஷ்மி திரும்பினாள். தன்யா பாவாடையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்து ஓர் அடி எடுத்து வைத்தவள் நின்றுவிட்டாள். பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்ததும் அனந்தலக்ஷ்மிக்குக் கோபம் இன்னும் சூடாக ஏறியது.

"திருப்தியா?" என்று முறைப்படி கேட்டார் சங்கர்ராம்.

"திருப்தி" என்றார் வாத்தியார்.

இளைஞர் முதலில் தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார்: "திருப்தி."

திருப்பூணித்துறையில் இன்னொரு சிராத்தம் இருக்கிறதென்று இருவரும் ஸ்கூட்டரில் பறந்தார்கள். பிண்டத்தைக் காக்கை எடுத்தது. அதன் பிறகு வீட்டாருக்கு இலை போட்டார்கள். வெங்கிட்டுவுக்குப் பசி; பாயசத்தில்தான் முதலில் கை வைத்தான்.

"அய்யே! உப்பு!"

"பேசாம சாப்பிடுடா" என்றார் சங்கர்ராம். தானும் ஒரு வாய் எடுத்தார். பேசாமலே இருந்தார்.

லோகாம்பாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் வெளுத்தது. மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"கெணத்து ஜலமா?"

"நீங்கதானே கேட்டேள்."

"உப்புன்னு ஒனக்குத் தெரியுமோல்லியோ?"

"இந்தத் தெருவுல மேயற ஆட்டுக்குக்கூடத் தெரியும் மன்னி."

"பின்னே ஏண்டி சொல்லலை?"

"ருசி பாக்கப்படாதுன்னேள். பாக்காம எப்படிச் சொல்றதாம்?"

சங்கர்ராம் இலையிலிருந்து கையை எடுத்தார். "பித்ரு காரியத்துல பழி தீத்துக்கறயா நீ? ஒன் ஆம்படையானுக்குப் பண்றதாக்கும் இது!"

"ஆமாம் அண்ணா. பழிதான்." அவள் குரல் உயரவில்லை. உயராததுதான் பயமாக இருந்தது. "போன வருஷம் இதே கூடத்துல, எல்லார் முன்னாடியும், எண்ணெயில பொரிச்சுப் பொரிச்சுத் தின்னான்னு மன்னி சொன்னா. நீங்களும் தலையை ஆட்டினேள். கேட்டுண்டு நின்னது யார் தெரியுமா? கடைசி ஞாயித்துக்கெழமை அப்பளம் பொரிச்சவள். தான்தான் அப்பாவைக் கொன்னுட்டோம்னு ஒரு வருஷமா அடுக்களைக்குள்ள வராம நின்னா. இன்னிக்கு வந்தா. அரை மணி நேரம். அவ பண்ணினதைக் கொட்டச் சொன்னேள்."

வெங்கிட்டு எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். லோகாம்பாள் பாயசக் கையைத் துடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 

"நான் கல்யாணமாகி வரச்சே அவனுக்கு ஒம்போது வயசு. அம்மா இல்லை. அப்பளம் பொரிச்சாத்தான் சாதம் எறங்கும். நித்தமும் பொரிச்சேன். பொரிச்சுக் குடுத்து வளத்தவளே நான்தானே அனந்தம். அன்னிக்கு நான் என்னைத்தான் சொல்லிண்டேன்."

அனந்தலக்ஷ்மிக்கு இது தெரியாது. தெரிந்ததும் கோபம் தணியும் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு அவளைத் தெரியாது.

"அப்போ உங்க பேரைச் சொல்லியிருக்கணும். கொழந்தேளைன்னு சொன்னேளே. அது யார் காதுல விழறதுன்னு திரும்பிப் பாத்திருக்கணும்."

லோகாம்பாள் இப்போதுதான் திரும்பினாள். "தன்யா, இங்கே பாரு மோளே. அப்பளத்தால ஒருத்தரும் சாக மாட்டா. பெரியம்மா சொன்னது பொய். கேட்டியா?"

தன்யா எழுந்து பின்கட்டுக்குப் போனாள். செங்கல் விழுகிற சத்தம் கேட்டது. உருளியை வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, இலைகளுக்கு நடுவில் வைத்தாள்.

"அம்மா கொட்டலை" என்றாள்.

சங்கர்ராம் இலையை மூடிவிட்டு எழுந்தார். "அது எச்சில்."

லோகாம்பாள் அவரைப் பார்க்கவில்லை. இடது கையை நீட்டி, புறங்கையைத் திருப்பினாள். "ஒரு சொட்டு விடு."

தன்யா விட்டாள். லோகாம்பாள் நக்கினாள். கண்ணை மூடினாள். அந்தக் கை, அந்தத் தலைச் சாய்ப்பு இரண்டையும் அனந்தலக்ஷ்மி எங்கோ பார்த்திருக்கிறாள். எங்கே என்று தெரிந்ததும் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"ஏலக்காய் கூடிப் போச்சு" என்றாள் லோகாம்பாள்.

"அப்பா அப்படித்தான் போடுவா."

"என்கிட்ட சமையல் படிக்கறச்சேயும் அப்படித்தான். அடிச்சாலும் கேக்க மாட்டான்." இலையை உருளிப் பக்கம் நகர்த்தினாள். "எனக்கு ரெண்டு கரண்டி விடு."

வெங்கிட்டு, "எனக்கு மூணு" என்றான்.

அனந்தலக்ஷ்மி எழுந்து நின்றாள். கை கழுவிக்கொண்டிருந்த சங்கர்ராமின் முதுகைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணா, அடுத்த வருஷம் இந்த ஆத்துல நாங்கதான் சமைப்போம். ருசி பாத்துத்தான் எறக்குவோம்."

"அப்படின்னா அது சிராத்தமாகாது."

"ஆக வேண்டாம். நீங்க பாலக்காட்டுல சிராத்தம் பண்ணுங்கோ. இங்கே அவருக்குச் சாப்பாடு போடறோம்."

அவர் துண்டை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். சாயங்கால ரயிலுக்குப் பையைக் கட்டும் சத்தம் கேட்டது. போகட்டும் என்று விட்டாள்.

இலைகளை எடுத்துப் போட்டுவிட்டு அவள் அடுக்களைக்கு வந்தபோது, தன்யா தொட்டிக்கு முன்னால் நின்று உருளியைத் தண்ணீர் விட்டு ஊற வைத்துக்கொண்டிருந்தாள். நிலைப்படிக்கு உள்ளே, நட்டநடுவில். தரையெல்லாம் தண்ணீர். மேடையில் ஏலக்காய்த் தோல். அனந்தலக்ஷ்மி உருளியை எட்டிப் பார்த்தாள்.

"அடி பிடிச்சிருக்கு பாரு! தீயைக் குறைக்கத் தெரியாதா ஒனக்கு? யார் தேய்க்கப் போறா இதை?"

தன்யா திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "அம்மா!"

கூடத்திலிருந்து, வாய் நிறையப் பாயசத்தோடு, வெங்கிட்டுவும் கத்தினான்: "அம்மா!"

அனந்தலக்ஷ்மி தேங்காய் நாரை எடுத்தாள். உருளியை வெடுக்கென்று இழுத்தாள். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே தேய்த்தாள்.